எங்க கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு

தப்பு அவங்க மேல. மன்னிப்பு கேட்டது எங்க பேராசிரியர், நாங்க உஸ்தாத்னு கூப்பிடறவரு. நெனச்சா இப்பவும் எனக்கு பத்திக்கிட்டு வருது.

எங்க ஊரு அகாதிர்ல, எங்க நிலநடுக்க ஆய்வகத்துக்கு சோதனைக்குன்னு ஒரு அதிவேக இணைய லைன் குடுத்திருந்தாங்க. மலைல பதிச்ச கருவிங்க சொல்ற அதிர்வ அந்த லைன்ல ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பணும். அங்க இருக்கற பெரிய கம்ப்யூட்டர் கணக்கு போட்டு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள திருப்பி அனுப்பணும். அனுப்புற புரோகிராம் முழுக்க தூடா அக்கா எழுதுனது. நான் அவங்களுக்கு ஜூனியர். சோதனை சொதப்புனா லைன புடுங்கி வேற நாட்டுக்கு குடுத்துடுவாங்க. அக்கா ஆராய்ச்சி அதோட காலி.

அந்த லைன் நெனச்சப்பல்லாம் தொறக்காது, முன்கூட்டி நேரம் பதியணும். எங்களுக்கு மத்தியானம் மூணு மணி. நடுவுல ரமலான் வந்துடுச்சு. ரமலான்னா எங்க நாடே கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கும்ல, அத ஞாபகப்படுத்தி அக்கா மெயில் போட்டாங்க. ஆம்ஸ்டர்டாம்லேருந்து இத நடத்துற யோஸ்ட், பாத்துக்கறேன்னு பதில் போட்டான். பாத்து கிழிச்சான். அவங்க மெஷின் பழைய நேரத்துலயே, அதாவது எங்க ரெண்டு மணிக்கே, லைன தொறந்துச்சு. நாங்க மூணு மணிக்கு உக்காந்தா, மூடியாச்சு.

மறுநாள் வீடியோ கூட்டம், எல்லா நாட்டுக்காரங்களும் இருக்காங்க. யோஸ்ட் ரொம்ப இரக்கமா சொல்றான், நோன்புல உங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், புரியுதுன்னு. எங்க உஸ்தாத் லஹ்ஸன், சிரமத்துக்கு மன்னிக்கணும்னாரு.

அக்கா மைக்க அமுக்கி வச்சுட்டு திரும்புனாங்க. "உஸ்தாத், நாம எதுக்கு மன்னிப்பு கேக்கறோம்?"

"விடும்மா. சண்ட போட்டா லைன் போயிடும்."

"தூங்குமூஞ்சின்னு பேர் வாங்குனாலும் போயிடும்."

யோஸ்ட் வேற நேரம் குடுத்தான். எப்போ? சரியா நோன்பு தொறக்கற நேரம். அது ஒண்ணுதான் காலியாம். அக்கா குடுங்கன்னுட்டாங்க.

பாங்கு சொல்லும்போது ஒரு கை கீபோர்டுல, ஒரு கைல பேரீச்சம்பழம். ஹரீரா சூப்பு ஆறிப்போச்சு, யாரும் தொடல. அதிர்வு போச்சு, பதில் வந்துச்சு, தகவல் ஒரு துளி சிந்தல. யோஸ்ட் கைதட்டுறான்: "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது."

அக்கா வாய்ல பழம். நான் எங்க பாஷைல ஒண்ணு சொன்னேன், அவனுக்கு புரியாதது அவன் அதிர்ஷ்டம். அக்கா என் கால்ல மிதிச்சாங்க.

அப்புறம் அறிக்கை. எல்லாரும் சேந்து திருத்துற பொதுக் கோப்பு. அதுல யோஸ்ட் எழுதியிருந்தான், முதல் சோதனை உள்ளூர் காரணங்களால் நடக்கலன்னு. லைன் யாருக்குன்னு முடிவு பண்றவங்க படிக்கறதே இந்த அறிக்கையத்தான். அக்கா அத அழிச்சுட்டு, நேரம் மாத்தாததுதான் காரணம்னு எழுதுனாங்க. கொஞ்ச நேரத்துல பழைய வரி திரும்பி வந்துச்சு. மறுபடி அழிச்சாங்க, மறுபடி வந்துச்சு. நான் பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல அழிச்சேன். அதுவும் வந்துச்சு. யார் தப்புன்னு பேசறது ஆரோக்கியமில்லன்னு ஓரத்துல ஒரு குறிப்பு வேற. எவ்ளோ திமிரு பாருங்க.

மறுநாள் காலைல உஸ்தாத் யாரும் கூப்பிடாமலே அக்காவோட மேஜைக்கு வந்தாரு. தன் பேர்ல கோப்ப தொறந்தாரு, அந்த வரிய அழிச்சாரு, அக்கா எழுதுனத ஒரு எழுத்து மாத்தாம திரும்ப போட்டாரு. கூட்டத்துல கேட்ட மன்னிப்ப வாபஸ் வாங்கறேன்னு கீழ எழுதுனாரு.

அதுக்கப்புறம் யோஸ்ட் தொடல. லைன் எங்களுக்கே நீடிச்சுது.

எனக்கு சந்தோஷப்படவே தோணல. அதே வரி, அதே எழுத்து. புரோகிராம் எழுதுன அக்கா போட்டா நிக்காது, பேராசிரியர்னு பேருக்கு முன்னாடி இருந்தா நிக்குமா? அக்காகிட்ட கத்துனேன்.

"கத்தாதடா," ன்னாங்க. "அடுத்த தடவையும் நான்தான் அழிப்பேன். அவன் எத்தன தடவ திருப்பிப் போட்டாலும் உஸ்தாத கூப்பிட மாட்டேன்."