தினமும் ஒரு கையெழுத்து

பேராசிரியர் நம்பாமல் எழுதிய எதுவும் தாளில் ஒரு மணி நேரம்கூட நிற்காது; மை வெளுத்து மறைந்துவிடும். இருபத்தெட்டு வயதில் உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் எழுதிய தொள்ளாயிரம் பக்கங்களில் நூற்றுப் பன்னிரண்டு மிஞ்சின. இறையியல் நூல்களிலேயே சிறியது என்று அது நன்றாக விற்றது.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் இறையியல் கல்லூரியில் தலைமைப் பேராசிரியர் ஆவதற்கு, அந்தச் சபையின் முப்பத்தொன்பது விசுவாச விதிகளையும் ஏற்பதாகப் பேராயர் முன்னிலையில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை, வேலையோடு வரும் வீடும் இல்லை. மனைவி பெட்டிகளைப் பிரிக்காமல் காத்திருந்தாள். அவர் அழுத்தமாகத்தான் போட்டார். தேநீர் வருவதற்குள் பெயர் வெளுத்து, பேராயர் பிஸ்கட்டைக் கடித்தபோது முழுவதும் போயிருந்தது.

“என்னங்க ஐயா, ஒரு கோடுகூடக் காணோம்?” என்றார் பேராயர்.

“போடும்போது நம்பினேங்க. இப்ப பதினேழாவது விதி, கடவுள் முன்னாடியே ஆளைத் தேர்ந்தெடுத்துட்டார்ங்கறது, கொஞ்சம் இடிக்குது. நாளைக்குக் காலையில வந்து திரும்பப் போடுறேன்.”

அலுவலக எழுத்தர் விதிமுறைகளைப் புரட்டினார். கையெழுத்திட வேண்டும் என்றிருந்ததே தவிர, ஒரு தடவைதான் என்று எங்கும் இல்லை. பெட்டிகள் பிரிக்கப்பட்டன.

முப்பத்தோர் ஆண்டுகள், காலை எட்டரைக்குப் படியேறி வந்து கையெழுத்திட்டுவிட்டுத்தான் அவர் வகுப்புக்குப் போனார். மற்றவர்களின் சந்தேகம் உள்ளேயே கிடந்து பழகிவிடும்; அவருடையது எல்லோரும் பார்க்க வெளுத்தது. மனைவிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, தன் மனதைத் தாளில் வைத்தால் எத்தனை மணி வரை தாங்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள். ஒருநாள் ஆலயத்துக்குப் போய்க் கல்யாணப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“உங்களோடது நல்லா நிக்குதுங்க. என்னோடதுதான் லேசா வெளுத்திருக்கு.”

“அப்பாடா! எனக்கு மட்டும்தான் இந்த வியாதின்னு நினைச்சேன்” என்று அவர் சிரித்தார். மறுநாள் இருவருமாகப் போனார்கள். அவள் தன் பெயரின் மேல் இன்னொரு தடவை எழுதினாள்.

மகள் காய்ச்சலில் இறந்த வருடம், பேனாவைத் தாளிலிருந்து எடுக்கும் முன்பே மை மறைந்தது. ஐம்பத்திரண்டு நாள் அப்படியே நடந்தது; ஒரு நாளும் விடாமல் வந்தார். எழுத்தர் அந்த வெற்று வரிகளில் பென்சிலால் ‘வந்தார்’ என்று குறித்தார். அவரை நீக்கச் சொல்லி மனு வந்தபோது, பேராயர் அந்தக் குறிகளை விரலால் எண்ணிக்கொண்டே போனார். “நானே இந்தக் கையெழுத்துக்காக ஒரு தடவைக்கு மேல படியேறினதில்லை” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கையெழுத்து மதியம் வரை நின்றது.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தார். அவர் போட்ட கையெழுத்து மாலை வரை அசையவில்லை. எழுத்தர் மூன்று தடவை பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னார்:

“உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா? எதுக்கும் நாளைக்கு எட்டரைக்கு வந்துடுங்க.”

வந்தார்.