லீவக்காவின் விடுமுறை

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் லீவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு பண்டிகைக்கும் லீவு போடாததால் கேலியாக வந்த பெயர். கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நாலைந்து சமயத்தாரும் ஏழெட்டு மொழிக்காரர்களும் நெருக்கியடித்து வாழும் ஊர் அது. மாதத்துக்கு ஒரு பண்டிகையாவது வந்துவிடும். யார் மனமும் கோணாமல் எல்லாவற்றுக்கும் அரசாங்கம் விடுமுறை விட்டிருந்தது. ஆனால் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளுக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஊரே கடையடைத்த நாளிலும் அவை ரத்தமும் மூத்திரமுமாகத் தள்ளுவண்டியில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

புருஷன் செத்து, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, யாருக்குப் பண்டிகை என்றாலும் லீவக்காவிடம் வந்து நின்றார்கள்.

"உங்களுக்கென்னக்கா, வீட்டுல யாரு காத்துட்டிருக்காங்க?"

குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்கள், அதனாலேயே உறைத்தது. ஆனாலும் அவள் மாட்டேன் என்றதில்லை.

முறைப்படி ஆள் மாற்ற எழுதிக் கேட்க வேண்டும்; கேட்டால் கிடைக்காது. அதனால் லீவு வேண்டியவளின் வருகைக் கார்டை லீவக்காவே வாசலில் நேரம் பதியும் பெட்டியில் அடித்துவிட்டு உள்ளே போவாள். பதிலுக்கு அவள் வேறொரு நாள் லீவக்காவுக்காக வருவதாகப் பேச்சு. அந்த வேறொரு நாள் வந்ததேயில்லை. சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். வேலை நடந்தால் சரி என்று கண்டும் காணாமல் இருந்தார்.

அன்று மடிப்பு மேஜைக்காரியின் பண்டிகை; லீவக்காவுக்கு முறைப்படி ஓய்வு நாள். முதல் நாளே வந்து கெஞ்சியிருந்தாள். "நாத்தனார் குடும்பம் மொத்தமும் வருதுக்கா. நான் அடுப்படியில இல்லேன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

பண்டிகை நாளில் பாதி ஆட்கள்தான் இருப்பார்கள். ஈர விரிப்புகளைச் சூடாகத் தேய்த்துத் தள்ளும் உருளை இயந்திரத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். லீவக்கா தனியாக நின்றாள். கை போகாமல் தடுக்கும் கம்பி உடைந்து இரண்டு மாதமாகிறது. பதினொரு மணிக்கு ஒரு விரிப்பு சுருண்டு சிக்கியது. இழுத்து நேராக்கப் போனாள். உருளை வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே வாங்கிக்கொண்டது. கோடியில் நின்ற துவைப்புக்காரன் அலறல் கேட்டு ஓடிவந்து பொத்தானை அமுக்குவதற்குள் கை வெந்து நசுங்கிவிட்டது. மாடி ஆபரேஷன் அறையில் நாலு விரல்களை எடுத்தார்கள்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு கட்டிலருகே வந்தார். பின்னால் மடிப்புக்காரி.

"அன்னைக்கு டியூட்டி லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே" என்றார் அவர். "நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"எனக்குத் தெரிஞ்சது லிஸ்ட்டும் கார்டும்தான்." மடிப்புக்காரி பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்கு வேலைக்கு வந்தியா இல்லையா?"

மடிப்புக்காரி முந்தானையை முறுக்கினாள். பண்டிகைக்குப் போட்ட நகப்பூச்சு பத்து விரலிலும் பளபளத்தது. "வந்தேன் சார். அக்கா சும்மா பாக்க வந்தாங்க. வேணாம்னேன், கேக்காம மெஷின்ல கை வச்சுட்டாங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறவள் போலவே அழுதாள்.

"கம்பி உடைஞ்சத எத்தனை தடவ சொன்னேன்" என்றாள் லீவக்கா.

"அது வேற விஷயம். இந்தக் காகிதத்துல இவ சொன்னது அப்படியே எழுதியிருக்கு. ஒத்துக்கிட்டா வைத்தியச் செலவு எங்களோடது, வேலையிலேர்ந்து மட்டும் நின்னுக்குங்க. இல்லேன்னா, இத்தனை வருஷமா அடுத்தவங்க கார்ட அடிச்சது போலீசுக்குப் போகும்."

லீவக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "கையெழுத்துக்கு நான் எங்க சார் போவேன்?"

"இடது பெருவிரல் போதும்." மை டப்பாவையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

மடிப்புக்காரிதான் விரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினாள். பிறகு தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள் லீவக்கா.

அந்த ஒரு மகள் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மூன்றாவது வாரம் ஒரு பொது விடுமுறை. மாப்பிள்ளையின் அலுவலகச் சிநேகிதர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரும் முன்பே மகள் தட்டில் சோறு போட்டு உள்ளறைக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மா, அவங்க போறவரைக்கும் இங்கயே இருந்துக்கயேன்."

"கைய துண்டால மூடிக்கிறேன்டி. வர்ற குழந்தைங்களையாவது பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்மா. யாராவது கேப்பாங்க, நீ சொல்ல ஆரம்பிப்ப. அப்புறம் யாருக்கும் சோறு இறங்காது." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

லீவக்கா இடது கையால் பிசைந்து சாப்பிட்டாள். பாதி மடியில் சிந்தியது. ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டோரத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. புதுச் சட்டை போட்ட ஒரு ஆள், குளியலறை என்று நினைத்துத் திறந்திருக்கிறார்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க?"

அவள் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேலைக்கு வந்தவ" என்றாள்.

"ஓ" என்றார் அவர். "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவள் சோற்றுக் கையை நீட்டி வழி காட்டினாள்.