சாகாவரம் பெற்ற மெர்வினும் க்ளெனிஸின் ஆப்ரிகாட் தோட்டமும்

நடிகர் மெர்வின் ட்ரெகென்சா நடிப்பில் செத்துப்போகும் ஒவ்வொரு முறையும், தெற்கு ஆஸ்திரேலியாவின் குர்ராபினில், அவருடைய மனைவி க்ளெனிஸின் ஆப்ரிகாட் தோட்டத்தில் மட்டும் மழை பெய்தது. அவர் நடித்தவை எல்லாம் டிராகன்களும் சூனியக்காரிகளும் உலவும் மாயாஜாலப் படங்கள். அவற்றில் அவருக்குக் கிடைத்தது எப்போதும் முதல் பத்து நிமிடத்தில் சாகும் அரசன் வேடம். அம்பு பட்டுச் செத்தால் நான்கு மில்லிமீட்டர். டிராகன் தின்றால் இருபத்திரண்டு. சாபத்தால் கல்லாகிப்போன ஆண்டில் வெறும் மூடுபனிதான், பழங்கள் சிறுத்துவிட்டன. மழை வேலியைத் தாண்டியதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் ராஸ் நிட்ஷ்கியின் செம்மறியாடுகள் கம்பிகளுக்கிடையே தலையை மட்டும் நீட்டி நனைந்துகொண்டு நிற்கும். படப்பிடிப்பு எப்படிப் போகிறது என்பதைக் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து க்ளெனிஸ் தெரிந்துகொள்வாள்.

இந்த விஷயம் மெர்வினைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். குர்ராபினில் ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்வது, அவர் சாப்பாட்டில் மண்ணள்ளிப் போடுவதற்குச் சமம். புகழ்ந்தால் தலைக்கனம் ஏறும். தலைக்கனம் ஏறியவன் ஊருக்கு ஆகமாட்டான். நீ செத்தால் மழை பெய்கிறது என்று ஒரு நடிகனிடம் சொல்லிவிட்டால் அப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியுமா? எனவே பத்தொன்பது வருடங்கள் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் வெயிலில் அவர் ஊருக்கு வரும்போது, மதுக்கடையில் ராஸ் மட்டும் கேட்பான்: "என்னடா மெர்வ், இன்னும் செத்துக்கிட்டுதான் இருக்கியா? ஒரு படத்துலயாவது பாதி வரைக்கும் உயிரோட இருந்து காட்டேன்."

மெர்வின் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுப்பார். வலியை மறைக்கும் சிரிப்பு அது என்று க்ளெனிஸுக்குத் தெரியும். அவளும் அந்த ஊர்க்காரிதான், ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்து நான்காவது வயதில் மெர்வினுக்குச் சாகாவரம் பெற்ற மந்திரவாதி வேடம் கிடைத்தது. ஆறு படங்கள், போஸ்டரில் முதல் பெயர். உடம்பில் ஏழு வாள்களைச் செருகிய பிறகும் எழுந்து நடந்தார். க்ளெனிஸின் தோட்டத்தில் அந்த ஆண்டு ஒரு துளிகூட விழவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. தோட்டமோ ஆற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். மூன்றாம் ஆண்டு வடக்கு வரிசை மரங்கள் பூக்கவே இல்லை.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். யாராவது அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தேநீர் ஆறும்வரை எல்லோரும் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதானம்மா அவன் பொண்டாட்டி, நீயே சொல்லிடு" என்றான் ராஸ்.

"கல்யாணத்தன்னிக்கே நான் அவனை 'பரவாயில்ல'ன்னுதான் சொன்னேன்" என்றாள் க்ளெனிஸ்.

ஆனாலும் அவள்தான் போன் செய்தாள்.

"மெர்வ், மரமெல்லாம் காயுது."

"தண்ணி லாரிக்குச் சொல்லட்டுமா?"

"லாரி வேணாம். நீ வேணும்." முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் இதைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன வேகத்திலேயே மற்றதையும் கொட்டிவிட்டாள்: "நீ செத்தா இங்க மழை பெய்யுது. பத்தொன்பது வருஷமா. நீ... நல்லாத்தான் சாவுற."

"ஏன் க்ளெனி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா ஆடுவ."

"ஆறாவது படம் முடியற வரைக்கும் நான் சாகவே கூடாதே."

"அங்கதானே கூடாது? வீட்டுக்கு வந்து சாவு."

அந்த வாரமே வந்தார். ஊர் மண்டப மேடையில் க்ளெனிஸ் அலுமினியத்தாள் சுற்றிய சமையல் கத்தியால் குத்த, அவள் மடியிலேயே தலைசாய்த்து நாற்பது நிமிடம் செத்தார். நாற்பத்தொரு மில்லிமீட்டர், முதன்முறையாக வேலிக்கு அந்தப் பக்கமும். யாரும் கைதட்டவில்லை. "கடைசில முனகினது கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் ராஸ், தொப்பியிலிருந்து தண்ணீரை உதறியபடி.

இப்போது அவர் மாதத்தில் இரண்டு வாரம் படப்பிடிப்பில் சாகாமல் இருக்கிறார். மீதி இரண்டு வாரம் வீட்டில் இருக்கிறார். முழு மாதமும் வேண்டுமென்று படக் கம்பெனி எழுதியபோது, அறுவடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஊராட்சி பதில் போட்டது. ஊர் அறிவிப்புப் பலகையில், கால்பந்தாட்டத்துக்கும் ரத்ததான முகாமுக்கும் நடுவே எழுதியிருக்கிறது: சனி, மதியம் இரண்டு மணி, மெர்வ் சாவு. துணி காயப்போட வேண்டாம்.