செருப்புகள் வீட்டுக்குப் போன நாள்

கண்மாய்க் கரை பொலபொலவென்று உதிர்ந்து தீயணைப்பு வண்டியின் முன்சக்கரம் இறங்கியதும் செழியனுக்குக் கோபம்தான் வந்தது. வறண்ட கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நின்று எரிந்தது. காற்று போகிற திசையில் பட்டாசுக் கம்பெனியின் வேலி. வேலிக்குள்ளே, தீபாவளி ஆர்டருக்குச் செய்து அடுக்கிய சரக்கோடு குடோன். அவன் மனைவி எழில் அந்தக் கம்பெனியில்தான் திரி வைக்கிறாள்.

தீயணைப்பு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கம்பெனி விபத்துக்குப் போயிருக்கிறான்; ஒன்றுக்குக்கூட முன்னால் போனதில்லை. மருந்து வெடிக்க ஒரு நொடி போதும். வண்டி கிளம்பி வருவதற்குள் இடிந்த அறைகளும் கேட்டோரம் செருப்புகளும்தான் மிஞ்சும். செருப்போடு உள்ளே போகக் கூடாது என்பது கம்பெனி விதி. எடுக்க ஆள் வராத செருப்புகளைச் சாக்கில் அள்ளிப் போலீசிடம் கொடுப்பது பெரும்பாலும் அவன்தான். ஒருநாள் சோறு போடும்போது எழில் சாதாரணமாகச் சொன்னாள், "நீங்க வந்துட்டீகன்னா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்." குழம்பு நன்றாக இருந்தும் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு இன்னும் முடியவில்லை. வண்டி போகாவிட்டால் என்ன, ஹோஸ் போகும். உதவிக்கு வந்த சிவகாசி வண்டியின் ஹோஸையும் விருதுநகர் வண்டியின் ஹோஸையும் தங்களுடையதோடு மாட்டி, முள்ளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எது யாருடையது என்று ஒரு பயலும் கேட்கவில்லை. மற்ற நாளில் ஒரு வாளி காணோமென்றால் மாதக்கணக்கில் பேசுகிறவர்கள். போலீஸ் ரோட்டை மறித்துத் தண்ணீர் லாரிகளுக்கு வழிவிட்டது. மலைத்தீ அணைத்துப் பழகிய வனத்துறை ஆட்கள், வனவர் பானுப்பிரியாவோடு, இரும்பு வாரியும் அரிவாளுமாகக் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். வேலிக்கும் குடோனுக்கும் நடுவே காய்ந்த புல்லை எடுத்துவிட்டால் தீ தாண்டாது.

போர்மேன் ரத்தினசாமி கையை விரித்து மறித்தார். "இரும்பு உள்ள வரக் கூடாதும்மா. தரையெல்லாம் மருந்துத் தூசி. கல்லுல உரசிச்சுன்னா நெருப்பு வெளிய இருந்து வரவே வேண்டாம்."

தீ வேலிக்கு வந்துவிட்டது, இந்த மனுசன் விதி பேசுகிறாரே என்று செழியனுக்கு எரிச்சல். பானுப்பிரியா மறுபேச்சில்லாமல் இரும்பையெல்லாம் கேட்டோரம் போடச் சொன்னாள். பொறியை அடிக்க வேப்பங்கொப்பு போதும், புல் பிடுங்கத்தான் கை போதாது என்றாள்.

கைகள் வந்தன. தீ என்றதும் ரோட்டுக்கு அனுப்பப்பட்ட கம்பெனிப் பெண்கள், எழிலும் அவர்களோடு, சாக்குகளை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். தடுத்த போலீஸ்காரரிடம், முன்னால் வந்த குருவம்மாள் நடையை நிறுத்தாமலே சொன்னாள், "எங்க கம்பெனி தரை எங்களுக்குத் தெரியும்யா. வழிய விடுங்க." தான் கை காட்டினால் எல்லாரும் ஓடிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பானுப்பிரியா அவர்களை உள்ளே விட்டாள்.

வெறுங்காலோடு புல்லைப் பிடுங்கினார்கள். ஈரச் சாக்கை வேலியில் போர்த்தினார்கள். பறந்து வந்த பொறியை வனத்துறை ஆட்கள் கொப்பால் அடித்தார்கள். வேலிக்கு வெளியே செழியன் ஹோஸ் முனையைப் பிடித்து நின்றான். புகையில் எழில் எங்கே என்று தெரியவில்லை. ஒருமுறை தண்ணீர் நின்றது, அவன் உயிரும் கூடவே நின்றது. அடுத்த லாரி வந்ததும் ஹோஸ் மறுபடி விறைத்தது.

பொழுது சாயுமுன் கண்மாயில் புகை மட்டும் இருந்தது. வேலி கருகிக் கிடந்தது, குடோன் அப்படியே நின்றது. செழியனுக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பின் தெரியாத சிவகாசிக்காரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

காலையில் கழற்றிப் போட்ட செருப்புகள் கேட்டோரம் இரும்பு வாரிகளோடு கலந்து கிடந்தன. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மாட்டிக்கொண்டு போனார்கள். குருவம்மாள் வார் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, புதுசு வாங்கித் தருமா கவர்மெண்டு என்று அவனைக் கேலி செய்துவிட்டு நடந்தாள்.

கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சியது. நீல வார் வைத்தது, இருக்கன்குடித் திருவிழாக் கடையில் அவனே வாங்கிக் கொடுத்தது. கரையேறிய வண்டியிலிருந்து டிரைவர் பலவேசம் ஹாரன் அடித்தார். செழியன் அசையவில்லை.

சாக்குகளை அலசிப் போட்டுவிட்டு எழில் வந்தாள். முழங்கை வரை கரி.

"இன்னைக்கு முன்னாலயே வந்துட்டீக," என்றாள்.

அவன் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சேறு ஒட்டிய காலைச் செருப்புக்குள் நுழைத்தாள்.