கோமதியின் நான்கேகால் விநாடி

என் மனைவி கோமதி பதில் சொல்வதற்கு முன்னால் இருக்கும் மௌனம் லண்டன் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்த நிறுவனத்தில் எனக்கு மென்பொருள் வேலை. வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அது இதமான குரலில், உடனுக்குடன் பதில் சொன்னது. அதனாலேயே கூப்பிட்டவர்களின் கோபம் கூடியது. எங்கே பிசகுகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை வீட்டுக்குத் தாமதமாக வந்தேன். ரயில் லேட் என்று சொன்னேன். கோமதி தோசையைத் திருப்பிப் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

"இல்ல, ரயில் சரியாத்தான் வந்துச்சு. நான்தான் பார்க்ல உக்காந்திருந்தேன்" என்றேன்.

"சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பொய் சொல்லி, மேசைக்கடியில் கைபேசியில் நேரம் பார்த்தேன். ஏழு வாரம் அளந்தேன். நான்கேகால் விநாடி. தொடக்கத்தில் ஒரு மெல்லிய மூச்சு. பிறகு ஒன்றுமில்லை, கோபமில்லை, சந்தேகமில்லை, எதிர்பார்ப்புகூட இல்லை. அந்த இடத்தில் நம்முடைய பொய்யால் உட்கார முடியாது, எழுந்து போய்விடும். கோமதியிடம் நான் எதையும் சொல்லவில்லை. அதை அப்படியே இயந்திரத்துக்குள் வைத்தேன்.

கூப்பிட்டவர்கள் அடங்கினார்கள். பாதிப் பேர் தவறு தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். துணி துவைக்கும் மெஷினைப் பற்றிப் புகார் சொல்ல வந்த ஒருவர், தம்பியோடு பதினோரு வருடமாகப் பேசவில்லை என்றும் பிழை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நிறுவனம் எனக்கு ஒரு ஒப்பந்தம் கொடுத்தது. இந்த மௌனம் முழுக்க என் சொந்தப் படைப்பு, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை, இனி இது நிறுவனத்தின் உடைமை என்று ஒரு பத்தி. இங்கிலாந்துச் சட்டமே இதற்குப் பொருந்தும் என்று அடுத்த பத்தி. இரண்டின் கீழும் ஆவுடையப்பன் என்று கையெழுத்துப் போட்டேன்.

கோமதி லண்டனின் ஹாரோ பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு பிற்பகல் இருமல் மருந்து வாங்க வந்த பெண்ணிடம், "இதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டு மௌனமாக நின்றிருக்கிறாள். அந்தப் பெண் எங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருந்தவள். கேட்ட மாத்திரத்தில் அந்த மௌனம் அவளுக்குப் பழக்கப்பட்ட பொருளாகத் தெரிந்திருக்கிறது. பத்து நாளில் கோமதி பெயருக்குக் கடிதம் வந்தது. நிறுவனத்துக்குச் சொந்தமான மௌனத்தை அவள் அனுமதியின்றிப் பொது இடத்தில் பயன்படுத்துகிறாள். நிறுத்த வேண்டும்.

அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"இது என்னோடதுல்லா? என்னத்துக்குங்க எழுதிக் குடுத்தீங்க?" என்றாள்.

பிறகு மௌனமாக இருந்தாள். "கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல" என்றேன். அது அவள் சட்டத்துக்கு உட்பட்டு இருந்த கடைசி மௌனம்.

அடுத்து நிறுவனம் வழக்கும் போட்டது. ரூபவதனி என்ற வழக்கறிஞரிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். ஒப்பந்தத்தையும் நீதிமன்ற உத்தரவையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வழக்கு முடியுமட்டும் இடைக்காலத் தடை ஒண்டு போட்டிருக்கினம், அக்கா. நீங்கள் வீட்டிலயும் வெளியிலயும் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும். நாலு விநாடி நிண்டால் அவையள் கோட்டுக்குப் போவினம்."

"என்னத்தம்மா பேசுதது?" என்றாள் கோமதி.

"என்னவெண்டாலும் பரவாயில்லை. சத்தம் வந்தால் காணும்."

அன்றிலிருந்து கோமதி பேசினாள். வீட்டில் அரிசிப் பையில் அச்சடித்திருப்பதை வாசித்தாள். பேருந்தில் எதிரே வரும் பேருந்துகளின் எண்களைச் சொன்னாள். கடையில் மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். வாடிக்கையாளர்கள் தங்கள் நோயைச் சொல்ல இடைவெளி கிடைக்காமல் வேறு கடைக்குப் போனார்கள். எனக்கு அந்த மாதங்கள் சுலபமாக இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். ரயில் லேட் என்பேன். அவள் பேசிக்கொண்டே சோறு போடுவாள். சொன்னது சொன்னபடியே நிற்கும்.

பிப்ரவரியில் சங்கரன்கோவிலிலிருந்து அவள் அண்ணன் உலகநாதன் கூப்பிட்டார். அப்பா இறந்துவிட்டார். கோமதி தொலைபேசியைக் காதில் வைத்தபடி, கைக்கு அகப்பட்ட மாத்திரை அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"உணவுக்குப் பின் ஒன்று. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

"கோமு, அப்பா போயிட்டாருங்கேன். காதுல விழுதா?"

"விழுது அண்ணே. ஈரம் படாமல் பாதுகாக்கவும். நெஞ்சு அடைக்கு அண்ணே. காலாவதியான பின் பயன்படுத்தக் கூடாது."

அவர் வைத்துவிட்டார். அதன்பின் கூப்பிடவில்லை. அவள் அன்று முழுவதும் அழுதுகொண்டே வாசித்தாள். விம்மலுக்கும் விம்மலுக்கும் நடுவே நான்கேகால் விநாடி விழுந்துவிடாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். என்னால் ஆன உதவி அதுதான்.

விசாரணை ஜூன் மாதம் நடந்தது. நீதிபதி மரியாதையானவர், கோமதிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடிக்கும்போது மட்டும் ரூபவதனி அவளுக்காகப் பேசினார். மௌனம் ஒப்பந்தத்துக்கு முன்பே கோமதியிடம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதைச் செய்துகாட்டட்டும் என்று ரூபவதனி கேட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, செய்துகாட்டினால் தடையை மீறியதாகும் என்றார். நீதிபதி யோசித்துவிட்டு, அது சரி என்றார். அதன் பதிவு ஏதாவது உண்டா என்று கேட்டார். நிறுவனத்தின் இயந்திரத்தில் மட்டுமே உண்டு.

மிச்சமிருந்த சாட்சி நான். அது அவளுடையது என்று சொன்னால் அவளுக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகும். என் வேலை போகும், வேலையோடு ஒட்டியிருந்த விசாவும் போகும்.

"இந்த மௌனத்தை உருவாக்கியது யார்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்.

நான் கோமதியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். ஆனால் தடை அமலில் இருந்ததால் உதடு ஓயாமல், நீதிமன்றச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூடியிருந்தால் என் வாயில் உண்மை வந்திருக்கும்.

"நான்தான்" என்றேன்.

தீர்ப்பு அறுபத்தொரு பக்கம். நிறுவனத்துக்குச் சாதகம். கோமதி தூங்கும்போது மௌனமாக இருப்பதில் நிறுவனத்துக்கு ஆட்சேபமில்லை என்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் பதிவாகியிருந்தது. வெளியே வந்ததும் ரூபவதனி என்னிடம், "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், அண்ணை" என்றார். கோமதி அந்தத் தெருவின் கடைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு நிறுவனம் கலைக்கப்பட்டது. என் வேலை அதோடு போனது. விசாவுக்குத் தந்த அவகாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி பார்க்கும் வேலை கிடைத்தது. ரூபவதனி கூப்பிட்டு, கலைந்துபோன நிறுவனத்தின் உடைமைக்கு ஆள் இல்லையென்றால் அது அரசுக்குப் போய்விடும் என்றும், விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கலாம் என்றும் சொன்னார். கோமதி தன் கையால் எழுதினாள், எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே. மூன்று வாரத்தில் அரசிடமிருந்து பதில் வந்தது. அவளுடைய மௌனம் பத்திரமாக இருக்கிறது, தரம் மிக உயர்வாக இருப்பதால் போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் மாத நினைவு நாளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, திருப்பித் தர இயலாததில் வருத்தம்.

நினைவு நாளன்று காலை பதினோரு மணிக்கு ஹாரோ கடைத்தெருவில் எல்லாரும் நின்றார்கள். பேருந்துகளும் நின்றன. அந்த நாட்டில் அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் மௌனம் காப்பது வழக்கம். முதல் மூச்சிலேயே அது கோமதியுடையது என்று நான் அடையாளம் கண்டுகொண்டேன். நான்கேகால் விநாடி ஆனதும் தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். பேருந்து ஓட்டுநர் தன் மகனை ஒருமுறை அடித்ததைச் சொன்னார். பூ விற்றவள் அக்காளின் கடிதத்தை எரித்ததைச் சொன்னாள். நான் கோமதியின் பக்கம் திரும்பி, "அது உன்னோடது. கோர்ட்ல நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"எழுபத்தஞ்சு மில்லி, நூத்தம்பது மில்லி, குலுக்கிய பின் அருந்தவும்" என்று கோமதி கடை ஜன்னலில் இருந்த மருந்துப் பாட்டில்களை வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் சீருடை அணிந்த பெண் ஒருத்தி சிறிய பெட்டியோடு ஒவ்வொருவரிடமும் வந்தாள். அரசு உடைமையான மௌனத்துக்குள் சொல்லப்பட்ட உண்மைகள் அரசுக்குச் சேரும் என்றாள். என்னுடையதை வாங்கி, எடை பார்த்து, ரசீது கொடுத்தாள். அந்த உண்மையை இனி வேறெங்கும் யாரிடமும் சொல்லக் கூடாது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோமதியோடு வீட்டுக்கு நடந்தேன்.