சக்கர நாற்காலிகளுக்கு ஆறு ரயர்கள்

யுத்தம் முடிந்து எட்டு மாதங்களுக்குப் பிறகுதான் மாக்கிரட் தன் அண்ணனின் குரலைக் கேட்டாள். முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் ஒரு வீட்டில் இருப்பதாக அந்தோனிதாசன் சொன்னார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அதுவும் தன்னைப் பற்றிய பேச்சாக இல்லை. வீடு இருக்கும் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், நடக்க முடியாதவர்கள் பத்துப் பேர், எல்லாருக்குமாக ஒரேயொரு சக்கர நாற்காலி, முறை வைத்துப் பாவிக்கிறோம் என்றார்.

மாக்கிரட் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அங்கே புதிய நாற்காலிகள் வந்ததால் பழையவை ஒன்பதும் இரண்டு இரும்புக் கட்டில்களும் கழிவுக்குப் போகக் காத்திருந்தன. கேட்டதும் பொறுப்பாளர் தந்துவிட்டார். பிரெடெரிசியாவில் பவளராணி என்பவர் வன்னிக்குச் சாமான் அனுப்ப ஒரு கொண்டெய்னர் ஒழுங்கு செய்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அதைப் பூட்டிவிடுவார்கள்.

வீட்டில் ட்ரெய்லர் இருந்தது. காரில் அதைக் கொழுவ வசதியும் இருந்தது. ஆனால் இரண்டிலும் கோடைகால ரயர்கள். அந்த வருடம் பனி விட்டபாடில்லை, தெருவெல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. வியாழக்கிழமை வேலை முடிய மாக்கிரட்டும் கணவன் குருசுமுத்துவும் ட்ரெய்லரையும் கொழுவிக்கொண்டு, ஊர் எல்லையிலிருந்த ஒரு ரயர் கடைக்கு மெதுவாகப் போனார்கள். நாட்டில் பாதிக் கடைகளில் குளிர்கால ரயர் தீர்ந்துபோயிருந்த நேரம்.

கடைக்காரர் பிரெபென் அதிகம் பேசாத மனிதர். அவர்களுடைய காருக்குப் பொருந்தக்கூடியதாக இரண்டு வகைதான் மிஞ்சியிருக்கிறது என்று காட்டினார். ஒன்று அகலமானது, பார்க்க வடிவானது. மற்றது ஒடுக்கமானது, ஆனால் கூடிய பாரம் தாங்கும் என்று அதன் பக்கத்தில் இலக்கம் குத்தியிருந்தது. குருசுமுத்து அகலமானதைத் தொட்டுப் பார்த்தார். முன் சில்லுகள்தானே காரை இழுக்கின்றன, முன்னுக்கு இரண்டு போட்டால் போதாதா என்று கேட்டார்.

போதாது என்றார் பிரெபென். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் காரின் பின்பக்கத்தைத் தள்ளும். பின் ரயர் பிடிக்காவிட்டால் காரும் ட்ரெய்லரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிப்போகும். ஆகவே நாலும் வேண்டும், பாரம் இழுப்பதென்றால் ஒடுக்கமானதுதான் நல்லது, அது பனியை வெட்டித் தெருவைப் பிடிக்கும் என்றார். காருக்கு அந்த நாலையும் போட்ட பிறகு வெளியே வந்து ட்ரெய்லரின் ரயர்களை நகத்தால் அழுத்திப் பார்த்தார். றப்பர் கல்லாக இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. இவற்றையும் மாற்ற வேண்டும், ஆனால் இந்த அளவில் என்னிடம் இல்லை, வர ஒரு கிழமை செல்லும் என்று சொல்லிவிட்டு, அப்படி என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டார்.

மாக்கிரட் சொன்னாள். யாருக்கு என்பதையும் சொன்னாள். இருபது வருடமாகப் பேசிய டேனிஷ், அண்ணனின் காலைப் பற்றிச் சொல்ல வந்ததும் தடக்கியது. எந்த டேனிஷ்காரரிடமும் அவள் யுத்தத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. பிரெபென் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு கடைக்குப் பின்னால் போய், தன் சொந்த ட்ரெய்லரை ஜாக்கியில் உயர்த்தி, குளிர்கால ரயர் போட்டிருந்த இரண்டு சில்லுகளையும் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். போல்ட் ஓட்டைகள் சரியாகப் பொருந்தின.

"என்ரை ட்ரெய்லர் பனி கரையுமட்டும் நித்திரைதான்," என்றார். "கொண்டு போங்கோ. பாரமான சாமானைச் சில்லுக்கு நேர் மேலே வையுங்கோ, பின்னுக்கு வைக்காதேங்கோ."

சனிக்கிழமை காலை மாக்கிரட்தான் கார் ஓட்டினாள். காற்று பலமாக இருந்ததால் வழியிலிருந்த வெய்லெ நகரத்தின் கடற்கழிமுகப் பாலத்தில் ட்ரெய்லர்களை விடவில்லை. நகரத்துக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அந்த இறக்கத்தின் பாதியில், ஒரு பஸ் வழுக்கித் தெருவுக்குக் குறுக்கே நிற்பது தெரிந்தது. மாக்கிரட் இரண்டாம் கியருக்கு மாற்றி, பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் ஒன்பது நாற்காலிகளும் இரண்டு கட்டில்களும் ஒருமுறை தள்ளின. கார் நேராகவே போனது. பஸ்ஸுக்கு ஒரு கார் அளவு தூரம் இருக்கையில் எல்லாம் சேர்ந்து நின்றது.

குருசுமுத்துவின் கை முன்பலகையை இறுகப் பிடித்திருந்தது.

"நான் சொன்னபடி ரெண்டு மட்டும் போட்டிருந்தால்..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீர் கொஞ்சம் மூச்சு எடும். நான் இறங்கி ட்ரைவருக்கு உதவி ஏதும் வேணுமோ எண்டு கேட்டிட்டு வாறன்."

மாக்கிரட் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் செபித்தாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னவள், அதே மூச்சில் பிரெபெனின் பெயரையும் சொன்னாள். கொண்டெய்னர் பூட்ட முக்கால் மணித்தியாலம் இருக்கையில் அவர்கள் பிரெடெரிசியா போய்ச் சேர்ந்தார்கள்.

ஏப்ரலில் அண்ணன் தொலைபேசி எடுத்தார். நாற்காலிகள் வந்துவிட்டன, ஒழுங்கையில் எல்லாருக்கும் கிடைத்தது என்றார். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று மாக்கிரட் கேட்டாள்.

"எனக்கு ஊன்றுகோல் போதும், தங்கச்சி. என்ரையை அடுத்த ஒழுங்கை ராசமலர் டீச்சருக்குக் குடுத்திட்டன். அவவுக்கு ரெண்டு காலும் இல்லை. திங்கக்கிழமையிலையிருந்து திரும்பப் படிப்பிக்கப் போறா."

அண்ணனை நினைத்துக்கொண்டுதான் அவள் அந்த இறக்கத்தில் இறங்கியிருந்தாள். ஆனாலும் ஏமாற்றமாக இல்லை. டீச்சர் எந்த வகுப்புக்குப் படிப்பிக்கிறா என்று கேட்டாள். நாலாம் வகுப்பு, கணக்கு என்றார் அண்ணன். பிறகு வெகுநேரம் இருவரும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே கதைத்தார்கள்.