முழுக்கைச் சட்டை

“கையைத் தூக்குடி.”

குருவி தூக்கவில்லை. அளவு டேப்பை மகளின் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு தையலக்கா காத்திருந்தாள். கிளப்பின் ஆண்டு விழாவுக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டும். கிளப்பில் ஓடும் பெண்களில் மற்றவர்கள் எல்லோரும் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டிலேயே இருக்கிற இவள் மட்டும்தான் நழுவிக்கொண்டே இருந்தாள்.

“பழைய அளவே போதும்மா.”

“நீ என்ன கல்லா, வளராம அப்படியே இருக்க? தூக்கு.”

டேப்பை மேல்கையில் சுற்றி இழுத்தாள். பல்லுக்கிடையே மூச்சை உறிஞ்சிக்கொண்டு குருவி ஒரு சத்தம் போட்டாள். தையலக்கா டேப்பை விட்டுவிட்டுச் சட்டையின் கையை மெல்லச் சுருட்டி ஏற்றினாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சதைப்பிடிப்பான இடமாகப் பார்த்து, தடித்தடியாய் வரிகள். கீழே இருந்தவை மஞ்சளாகிவிட்டன. மேலே இருந்தது நேற்றையது, கருநீலம்.

“விழுந்துட்டேன்மா.”

“விழுந்தா முட்டி பெயரும், முழங்கை சிராய்க்கும். இப்படி வரிசையா அடிபடுமா? யார்கிட்டடி கதை விடுற?”

குருவி சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். “கட்டை கீழ விழுந்துடுச்சு. நான்தான் தவறவிட்டேன். அதுக்குத்தான்.”

ரிலே ஓட்டத்தில் ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போகும் அலுமினியக் குழாயைத்தான் அவர்கள் கட்டை என்பார்கள். அது கீழே விழுந்தால், ஓட்டம் பழக்கும் மாஸ்டர் குனிந்து, தானே எடுப்பார். எடுப்பது அடிக்க. வெட்டு விழாது, ரத்தம் வராது, எலும்பும் உடையாது. அந்த விஷயத்தில் அவர் நிதானமான மனிதர்.

“மாஸ்டர்கிட்டயே போய்க் கேக்கறேன்.”

“அம்மா, உன் கால்ல விழறேன். நீ ஏதாவது கேட்டா என்னை டீம்லேருந்து தூக்கிடுவாரு. விழாவுலதான் மாநில டீம் பேரைச் சொல்லப் போறாங்க. அதுவரைக்கும் சும்மா இரும்மா.”

அந்தத் தெருவில் அவள் எல்லோருக்கும் தையலக்காதான். வீட்டு முன்னறையில் ஒரு மோட்டார் மிஷின், ஒரு வெட்டுமேசை, ஆணியில் தொங்கும் காகித அளவுகள். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். கிளப் பெண்களுக்கான உடுப்பெல்லாம் அவள் தைப்பதுதான். வளர்கிற பிள்ளைகள் என்பதால் ஓரத் தையலில் அரை அங்குலம் துணி விட்டுத் தைப்பாள். இறுக்கினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அதற்காகவே தாய்மார்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

போன வருஷம்தான் மாஸ்டர் முழுக்கைச் சட்டை கேட்டார். ஓடுகிற பிள்ளைகள் கையில்லாத பனியன் போடுவதுதான் வழக்கம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணம் பெற்றவர்கள் காதில் தேனாய்ப் பாய்ந்தது. “வெயில்ல பொண்ணுங்க கறுத்துப் போகுதுங்க. நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி பார்க்கணும்ல?” இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா என்று தாய்மார்கள் உருகினார்கள். தகப்பன்மார்களுக்கு மகள்களின் கை மூடியிருப்பதில் இரட்டை நிம்மதி. தையலக்காவும் மனதாரப் பாராட்டி, மணிக்கட்டில் பட்டி வைத்து, பொத்தான் கட்டி, எட்டிப் பார்க்க ஒரு நூலிழைகூட இடமில்லாமல் தைத்துக் கொடுத்தாள். இப்போது மேசையோரம் உட்கார்ந்து அதை நினைத்தபோது அவளுக்குத் தன் விரல்கள் மேலேயே கோபம் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கிற அன்று ஒரு வேடிக்கை நடக்கும். மாஸ்டர் மைக்கைப் பெற்றவர் கையில் கொடுத்து, “என்ன சொல்லி ஒப்படைக்கிறீங்க?” என்று கேட்பார். “கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்!” என்று அவர்கள் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டிச் சிரிக்கும். யார் ஆரம்பித்ததோ, வருஷா வருஷம் நடக்கிறது. வெட்கப்பட்டுத் தயங்குகிறவர்களைப் பின்னாலிருப்பவர்கள் “சொல்லுங்க, சொல்லுங்க” என்று உசுப்பேற்றுவார்கள். தையலக்காவை யாரும் உசுப்பேற்ற வேண்டியிருக்கவில்லை. பத்து வயதுக் குருவியின் தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லோரையும் விட உரக்கச் சொன்னவள் அவள்தான்.

கணவன் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் எல்லாம் நேராக ஓட வேண்டும்.

“நான் வாங்காத அடியா? எங்க வாத்தியாரு பிரம்பு ஒடியற வரைக்கும் அடிப்பாரு.”

“அதனால நீங்க என்ன ஆனீங்க? கலெக்டரா ஆனீங்களா?”

“வாயை மூடு. மாநில டீம்ல பேரு வந்தா காலேஜ் சீட்டு, அப்புறம் வேலை. உன் வாயால கெடுத்துடாதே.” சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, “ரொம்ப வலிக்குதாமா?” என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போய்விட்டான். பாசம் இல்லாதவன் அல்ல. பதில் தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று பயந்தவன்.

மறுநாள் தையலக்கா கிளப் செயலாளரின் அறைக்குப் போனாள். செயலாளர் படித்த மனிதர், குரல் உயர்த்தாதவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் சொன்னதை எல்லாம் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். அவளுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

“நல்லவேளை என்கிட்ட வந்தீங்கம்மா. இதுக்குன்னே நம்ம கிளப்புல வீரர் பாதுகாப்புக் குழு வச்சிருக்கோம். புகார்ப் பெட்டியும் இருக்கு.”

“எங்க சார் இருக்கு? நான் பார்த்ததே இல்லையே.”

“வெளியில வச்சா மழையில நனையுதுன்னு மாஸ்டர் ரூம்ல மாட்டியிருக்கோம்.”

“குழுவுல யாரு யாரு சார்?”

“நான் இருக்கேன். எங்க வீட்டம்மா இருக்காங்க, பெண்கள் சார்பா. அப்புறம் பிள்ளைங்களை நல்லா தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும்ல, மாஸ்டர் இருக்காரு.”

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. சேர்த்துவிட்ட அன்னைக்கு மைக்ல சொன்னது நீங்கதானே? வீடியோவே இருக்கு. கண்ணுக்கு ஏதாவது ஆயிருக்கா?”

“இல்ல சார்.”

“பார்த்தீங்களா” என்றார் செயலாளர். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே திருப்தியோடுதான் சொன்னார்.

அன்று மத்தியானம் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் வெகுநேரம் பெடலை மிதிக்கவே இல்லை. வெட்டி வைத்திருந்த முழுக்கைத் துண்டுகள் அடுக்காக எதிரில் இருந்தன. தன் வார்த்தையை யாரும் கேட்கப் போவதில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டுமே. விழாவுக்கு ஊர் வரும், வெளியாட்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். கண்ணுள்ள ஒருவனாவது அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டானா? கைத்துண்டுகளை எடுத்துக் கழிவுத்துணி மூட்டையில் திணித்தாள். தோள் வளைவை ஆழமாக வெட்டி, ஓரம் மடித்து, எல்லாவற்றையும் கையில்லாத பனியனாகத் தைத்து முடித்தாள். அந்த வேலையை அவள் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததே இல்லை.

விழா தொடங்குகிற நேரத்துக்குத்தான் சீருடை மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாற்ற அவகாசம் இருக்கக் கூடாது என்ற கணக்கு. பிரித்துப் பார்த்த பெண்கள் உள்ளங்கையால் மேல்கையை மூடிக்கொண்டார்கள். குருவி தாயைப் பார்த்த பார்வையில் கெஞ்சலா சாபமா என்று சொல்ல முடியவில்லை. பழைய சட்டைகள் வேறு நிறம், அணிவகுப்பில் போட முடியாது. போட்டுக்கொண்டு வரிசையாக மைதானத்துக்குள் நடந்தார்கள்.

வெயில் நன்றாக அடித்தது. எல்லாம் தெரிந்தது. ஒருத்திக்கு வலது கை, இன்னொருத்திக்கு இரண்டு கையும். கூட்டத்தில் ஒரு நிமிஷம் சலசலப்பு அடங்கிப் போனது. தையலக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் அப்புறம் ரொம்ப நாள் ஏங்கினாள்.

தலைமை விருந்தினர் ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் ஓடிப் பதக்கங்கள் வாங்கியவர், இப்போது பெரிய அதிகாரி. பெண்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தவர் குருவியின் முன் நின்றுவிட்டார். கருநீல வரியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய இன்னொரு கை தன்னையறியாமல் தன் கோட்டுக் கைக்கு மேலே போய், அதே இடத்தைத் தடவியது. ‘இவளுக்குத் தெரியும்! வாயைத் திறம்மா தாயே’ என்று தையலக்காவின் மனம் கூவியது.

அவர் மைக்கை வாங்கினார். “இதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். நானும் இப்படி வாங்கினவதான். மெடலுக்கு முன்னாடி எங்க கோச் எனக்குக் குடுத்த மெடல் இதுதான். இந்த மாதிரி ஒரு மாஸ்டர் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்!”

முதல் கைதட்டல் செயலாளரிடமிருந்து வந்தது. பிறகு மைதானமே தட்டியது. மாஸ்டர் முகத்துக்கு நிறம் திரும்பியது. அவர் அடக்கமாகத் தலை குனிந்து கும்பிட்டார். குருவியின் பேரும் மாநில டீமில் வாசிக்கப்பட்டது. டிரைவர் எழுந்து நின்று விசிலடித்தான். அடித்தவன் கண்ணில் தண்ணீர். அது எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பிறகு புதுச் சேர்க்கை. ஒரு தகப்பன் சின்னப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். மைக்கை வாங்கியவன் பேசாமல், வரிசையில் நின்றவர்களின் கைகளையே பார்த்தான். சின்னவள் அவன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ‘கூட்டிக்கிட்டுப் போயிடு’ என்று தையலக்கா முணுமுணுத்தாள். “சொல்லுங்க, சொல்லுங்க” என்றது கூட்டம். அவன் சொன்னான். கூட்டம் சிரித்தது. கைதட்டாமல் நின்றவள் தையலக்கா ஒருத்திதான். யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் சதைப்பிடிப்பான இடம் தேடவில்லை. மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. முன்கை, புறங்கை, எங்கே வாகோ அங்கே விழுந்தது. தையலக்காவைத் தெருவில் பார்த்தால் அவரே முதலில் வணக்கம் வைத்தார். “நல்ல ஐடியாக்கா உங்களுது. பிள்ளைங்களுக்குக் காத்தோட்டமா இருக்கு.”

ஒரு சாயங்காலம் ரிலேயில் கடைசியாக ஓடுகிற பெண்ணின் தாய் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிலைப்படியில் நின்று தயங்கினாள். கூட்டுச் சேர ஒரு ஆள் வந்துவிட்டது என்று தையலக்கா அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சிஸ்டர். நாம நாலு பேரு சேர்ந்து போனா...”

“அதெல்லாம் வேணாங்க்கா.” நர்ஸ் பையிலிருந்து துணியை எடுத்து மேசையில் வைத்தாள். “எம் பொண்ணு சட்டைக்கு முழுக்கை வச்சுக் குடுத்துடுங்க. பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்களாம். அழுவுது.”

“நீங்க தினம் எத்தனை காயத்துக்குக் கட்டுப் போடறீங்க? இது காயம்னு தெரியலையா?”

“தெரியாம என்ன?” நர்ஸ் தலையைத் தூக்கவில்லை. “தெரிஞ்சு என்ன பண்ண?”

தையலக்கா துணியைத் திருப்பித் தள்ளினாள். “இந்தக் கையால இனிமே அதைத் தைக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க.”

நர்ஸ் துணியை எடுத்துக்கொண்டு போனாள். நிலைப்படியில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள் குருவி. மைதானத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

“அம்மா, எனக்காவது வச்சுக் குடு.”

தையலக்கா மிஷினுக்கு உறை போட்டாள்.

“உன்னால அடியை நிறுத்த முடியாதும்மா. நான் உன்னைக் குறை சொல்லல. மறைக்கவாவது செய்.”

மகள் கையைத் தூக்கினாள். இந்தத் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழிவுத்துணி மூட்டையை அவிழ்த்துப் பழைய கைத்துண்டுகளைத் தையலக்கா தேடி எடுத்தாள். டேப்பை இழுக்காமல், தோல்மேல் படாமல் சுற்றி அளந்தாள். அளவைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, பழக்கம் மாறாமல் அரை அங்குலம் கூட்டினாள். வளர்வதற்கு அல்ல, வீக்கத்துக்கு.